யாரை உரித்து வைத்தது?

அமெரிக்கக் காற்பந்தில் ரன்னிங் பேக் என்று ஓர் ஆட்டக்காரன் உண்டு. காற்பந்து என்று பெயர்தானே தவிர, அதில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். குவாட்டர்பேக் அந்தப் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றோடு சேர்த்துத் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். எதிரே நூறு கிலோ, நூற்றைம்பது கிலோ ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவரில் கண்சிமிட்டும் நேரம் மட்டும் திறக்கிற இடுக்கில் புகுந்து ஓட வேண்டும். பெரும்பாலான ஓட்டங்கள் மூன்று நான்கு கெஜத்தில் யாரோ ஒருவனின் தோளில் மோதி முடிந்துவிடும். எழுந்து வந்து மறுபடி ஓட வேண்டும். முழங்கால் போகும், கணுக்கால் போகும். என்எஃப்எல் லீக்கில் ஒரு ரன்னிங் பேக்கின் ஆயுள் சராசரியாக மூன்று ஆண்டுகூட இல்லை என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பது வயதைத் தொட்டால் கிழவன்.

"ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிக்கிறானுங்க, இதுல என்னடா இருக்கு?" என்று நண்பன் கேட்பான். ஆட்டத்தின் விதிகளை அவனுக்கு விளக்கி ஜெயித்ததே இல்லை. பிறகு ஒருநாள் டிலேண்ட் மெக்கல்லோவின் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டான். கேட்டு முடித்ததும், "பாத்தியா, தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றான். எனக்கு அந்தப் பழமொழி பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்ததில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் இரும்பாலை நகரம். பக்கத்திலேயே கேம்பல். 1977 செப்டம்பரில் கேம்பல் ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அதன்பின் அந்த வட்டாரமே மெல்ல இளைத்துப் போனது. மெக்கல்லோ வளர்ந்தது அங்கேதான். 1972 டிசம்பரில், அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து, கைக்குழந்தையாகவே தத்துக் கொடுக்கப்பட்டவர். தத்தெடுத்த தம்பதியின் மணவாழ்க்கை சீக்கிரமே முறிந்தது. வளர்த்த அம்மாதான் தனி ஆளாக நின்று ஆளாக்கினார்.

பையன் நன்றாக ஓடினான். கேம்பல் பள்ளிக்கூட அணியில் அவன் ஓடுவதைக் கேள்விப்பட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆள் வந்தார்கள். அப்படி மயாமி பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்தவர் ஷெர்மன் ஸ்மித். (இந்த மயாமி புளோரிடாவில் உள்ள கடற்கரை ஊர் இல்லை. ஓஹாயோவில், ஆக்ஸ்ஃபர்ட் என்னும் சிற்றூரில் இருக்கிற பழைய பல்கலைக்கழகம்.) ஸ்மித்தும் யங்ஸ்டவுன்காரர். அதே மயாமியில் குவாட்டர்பேக்காக ஆடியவர். 1976-இல் சியாட்டல் சீஹாக்ஸ் அணி தன் முதல் பருவத்தைத் தொடங்கியபோது அவரை எடுத்து ரன்னிங் பேக்காக மாற்றியது. உருவத்தையும் பெயரையும் சேர்த்து 'ஷெர்மன் டாங்கி' என்று கூப்பிட்டார்கள். ஓடி முடித்தபின் பயிற்றுநர் ஆனார். நீங்கள் அப்பாவைத் தேடாமல் இருக்கலாம், நான் உங்களைப் பிள்ளைகளாகத்தான் நடத்துவேன் என்று ஆட்டக்காரர்களிடம் சொல்கிற வகை.

மெக்கல்லோ மயாமிக்குப் போனார். ஸ்மித் அங்கே அதிக நாள் இருக்கவில்லை, வேறு வேலைக்கு மாறிவிட்டார். ஆனால் தொடர்பு அறுந்து போகவில்லை. மெக்கல்லோ அந்தப் பல்கலைக்கழகத்துக்காக 4,000 கெஜத்துக்கு மேல் ஓடினார். 1996-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்குள் நுழைந்தார். லீக் தொடங்கும் முன் நடக்கிற பயிற்சி ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. பிறகு கனடாவில் வினிபெக் அணிக்கு ஆடினார். என்எஃப்எல் கனவு அவ்வளவுதான். முதலில் சொன்ன அந்த மூன்று ஆண்டுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து அவர் செய்தது பள்ளிக்கூட வேலை. சின்சினாட்டியில் ஆசிரியராக, பயிற்றுநராக, பிறகு தலைமையாசிரியராக இருந்தார். முப்பதுகளின் பிற்பகுதியில், பல்கலைக்கழக ஆட்டத்துக்குள் அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறத் தொடங்கினார். 2011-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் பயிற்றுநர். அங்கே அவரிடம் பயின்ற டெவின் கோல்மன் 2014-இல் ஒரே பருவத்தில் 2,036 கெஜம் ஓடினான்.

ரன்னிங் பேக் பயிற்றுநர் என்ன சொல்லிக்கொடுப்பார்? ஓடுவதையா? அவரிடம் வருகிறவனுக்கு ஓடத் தெரியும், சின்ன வயதிலிருந்து அதைத்தான் செய்கிறான். அவனுக்குத் தெரியாதது காத்திருப்பது. பந்து கைக்கு வந்ததும் பாயத் துடிக்கிற காலை, முன்னே போகிற கூட்டாளி வழி திறக்கும்வரை அடக்கி வைக்க வேண்டும். பிறகு பந்தைப் பிடிப்பது. நுனியை விரல்களால் கவ்வி, முன்கையிலும் மேல்கையிலும் அணைத்து, விலாவோடு இறுக்க வேண்டும். எதிரி எந்தப் பக்கம் இருக்கிறானோ அதற்கு மறுபக்கக் கையில் பந்து இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் செய்கிற வேலை. குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறவனை இடையில் புகுந்து தன் உடம்பால் தடுக்க வேண்டும். அதற்குக் கைதட்டல் கிடையாது. இதையெல்லாம் ஐந்தாறு பேர் உட்காரும் சின்ன அறையில், பழைய ஆட்டங்களின் காணொளியை நிறுத்தி நிறுத்திக் காட்டிச் சொல்லித் தருவார்கள். தொலைக்காட்சியில் இந்தப் பயிற்றுநரின் முகம் பத்து விநாடிகூட வராது.

வேலையில் ஒரு குழப்பம் வந்தால் மெக்கல்லோ ஸ்மித்தைக் கூப்பிடுவார். 2014 கோடையில் சீஹாக்ஸ் முகாமில் பயிற்சிப் பயிற்றுநராகச் சேர்ந்து, ஸ்மித்தின் கூடவே சில வாரங்கள் வேலை பார்த்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சீஹாக்ஸ் சூப்பர் போல் ஜெயித்திருந்தது. ஸ்மித் அப்போது மார்ஷான் லிஞ்சின் பயிற்றுநர்.

2017 நவம்பரில் பென்சில்வேனியா சட்டம் மாறியது. தத்துப் பிள்ளைகள் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம் என்றானது. மெக்கல்லோ வாங்கினார். அதில் அம்மாவின் பெயர் இருந்தது. தேடிப் பிடித்தார். அந்தப் பெண்மணி யங்ஸ்டவுனில் வாழ்ந்துகொண்டிருந்தார். பதினாறு வயதில் கர்ப்பமாகி, ஊருக்குத் தெரியாமல் பிட்ஸ்பர்க் போய்ப் பெற்று, யாரிடமும் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தவர். கொடுத்த குழந்தை தன் ஊரிலேயே வளர்ந்தது அவருக்குத் தெரியாது. அப்பா யார் என்று மெக்கல்லோ கேட்டார். ஷெர்மன் ஸ்மித் என்றார் அவர்.

ஸ்மித்துக்கும் எதுவும் தெரியாது. அந்தப் பெண் அவரிடம் சொல்லவேயில்லை. மரபணுச் சோதனை செய்தார்கள். உண்மைதான்.

இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்த்தால் சிரிப்பு வரும். இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இந்த இரண்டு முகங்களையும் பார்த்து ஒருத்தனுக்குக்கூடவா தோன்றவில்லை என்று இருக்கும். நண்பன் தசை ஆடும் என்றது இதைப் பார்த்துத்தான். செய்தி எழுதியவர்களில் பலரும் ஏறக்குறைய அதையேதான் எழுதினார்கள். ரத்தம் ரத்தத்தைத் தேடிப் போனது, விதி சேர்த்து வைத்தது.

எனக்கு இடறுவது இங்கேதான். சொந்தக் காரணம் இருக்கிறது. நான் பேசத் தொடங்கும் முன்பே அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். ஆனால் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஓர் அத்தையாவது என் முகவாயைப் பிடித்து, "அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கான்" என்பார். அம்மாவின் முகம் அந்த நொடியில் மாறுவதை நான் மட்டும்தான் பார்ப்பேன். மூக்கும் நெற்றியும் அவருடையதாக இருக்கலாம். அதற்காக அவர் ஒன்றும் செய்யவில்லை. பள்ளியில் எங்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்த சார் ஒருவர் இருந்தார். மாணவன் தப்பு செய்தால், கையில் இருக்கிற பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். திட்டமாட்டார். இன்றைக்கு நான் ட்யூஷன் எடுக்கும்போது, பிள்ளைகள் தப்பு செய்தால் பேனாவை மூடிப் பையில் சொருகுகிறேன். அந்த ஜாடையைக் கண்டுபிடித்து, "சாரை உரிச்சு வச்சிருக்கே" என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதற்கு நம் மொழியில் ஒரு சொலவடையும் இல்லை.

ரத்தத்துக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 'உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கா' என்று டாக்டர் கேட்கும்போது, தத்துப் பிள்ளைக்குப் பதில் இருக்காது. அந்த வெற்றிடத்தை நாம் வெளியில் இருந்து அளக்க முடியாது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனிதர் தன் சான்றிதழுக்காகக் காத்திருந்தார் என்றால், அதில் அவ்வளவு தேவை இருந்திருக்கிறது. ஸ்மித்துக்கும் அந்தச் செய்தி வெறும் சந்தோஷமாக வரவில்லை. பொறுப்பான ஆண்களாக இருங்கள் என்று இளைஞர்களிடம் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தவர், பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தனியாகச் சுமந்ததைத் தாம் அறியாமலே இருந்ததை நினைத்து உடைந்திருக்கிறார். அந்தக் கனத்தை 'விதி' என்ற சொல்லைப் போட்டு மூடிவிட முடியுமா?

தசைதான் ஆடியது என்று வைத்துக்கொண்டால், இந்தக் கதையில் உழைத்தவர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள். தனியாக நின்று வளர்த்த அம்மா வெறும் இடைக்காலக் காவல்காரர் ஆகிவிடுகிறார். ஸ்மித் எடுத்த ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் ரத்தத்தின் வேலையாகிவிடுகிறது. ஆனால் டென்னசி அணியில் எடி ஜார்ஜுக்கும், சியாட்டலில் லிஞ்சுக்கும், பெயர் தெரியாத எத்தனையோ பையன்களுக்கும் அவர் அதே மாதிரிதான் பயிற்றுநராக இருந்தார். அவர்கள் யாருக்கும் மரபணுச் சோதனை நடக்கவில்லை. மெக்கல்லோ அவர்களில் ஒருவராகத்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார். அந்த நாட்களில் அவருக்குக் கிடைத்ததில் எதுவும் குறையாக இருந்ததாகத் தெரியவில்லை.

2018-இல் மெக்கல்லோ கன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ரன்னிங் பேக் பயிற்றுநர் ஆனார். 2020 பிப்ரவரியில் சூப்பர் போல். நம்ம ஊரில் அது திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற நேரம். நான்காவது கால்பகுதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த சீஃப்ஸ் ஏறி வந்து முன்னிலை பெற்றது. கடைசி நிமிடங்களில் டேமியன் வில்லியம்ஸ் இடப்பக்கக் கோட்டை ஒட்டி 38 கெஜம் ஓடி முடித்துவைத்தான். அன்று மொத்தம் 104 கெஜம், இரண்டு டச்டவுன். ஆட்டம் 31-20. கல்லூரி முடித்தபோது எந்த அணியும் தேர்வு செய்யாமல் விட்ட பையன் அவன். மெக்கல்லோவையும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். ஸ்மித்தின் அறையிலிருந்து மெக்கல்லோவின் அறைக்கு வந்த ஏதோ ஒன்று அந்த ஓட்டத்திலும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வில்லியம்ஸ் அவர்கள் இருவருக்கும் எந்த வகையிலும் சொந்தமில்லை.