பனிச்சுமையைக் கட்டி நிறுத்துவோர்

ஸ்விட்ஜர்லாந்தின் கிழக்குப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில் அமைந்த டாவோஸ் நகரத்திற்குப் புதிதாக வருகிறவர், ஆல்ப்ஸ் மலைநாடு என்றவுடனே மனத்தில் எழும் சாய்ந்த கூரைகள் அங்கே அதிகம் தென்படாமல் மொட்டைமாடிக் கட்டடங்களே வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டு வியப்படைவார். பல மீட்டர் பனி பெய்யும் ஊரில் தட்டையான கூரை எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். வீடுகள் நெருங்கிவிட்ட நகரத்தில், சரிந்த கூரையிலிருந்து வழுக்கி விழும் பனி வீதியில் செல்பவரின் தலைமேல் விழும் அபாயம் உண்டாதலால், பனியைக் கூரையின்மீதே தங்கவிட்டு, உருகிய நீரை வீட்டின் வெதுவெதுப்பான உட்புறத்துக் குழாய் வழியாகக் கீழே இறக்கிவிடும் முறையை அந்நகரத்தார் மேற்கொண்டார்கள். ருடால்ஃப் காபெரெல் என்ற கட்டடக் கலைஞர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்முறைக்கு ஒரு நேர்த்தியான வடிவத்தையும் தந்தார்.

ஆனால் 1890-இல் டாவோஸ் வரை நீண்ட அந்த மலை ரயிலில் ஏறி, சற்றேறக்குறைய 1,200 மீட்டர் உயரத்திற்கு இறங்கி க்ளோஸ்டர்ஸை அடைந்தால், சாய்ந்த கூரைகளே எங்கும் கண்ணிற்படுகின்றன. அவற்றில் கணிசமானவை இன்று உலோகத் தகடு வேய்ந்தவை. அங்கே அந்த அபாயம் தீர்ந்துபோகவில்லை. அதற்கு வேறு பரிகாரம் தேடியிருக்கிறார்கள். கூரையின் கீழ்ப்பகுதியில், இறவாரத்திற்குச் சற்று மேலே, குறுக்காக ஓடும் குழாய்களும் கம்பித் தடுப்புகளுமே அந்தப் பரிகாரம். ‘ஷ்னேஃபாங்’ என்று அவ்வூரார் வழங்கும் இந்தப் பனித்தடுப்புகளை அமைக்கும் தொழிலாளரை அவர்களுடைய வேலையிடத்திலேயே காண வேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் அந்நாட்டில் குடியேறிய குடும்பம் ஒன்றில் பிறந்து, தகட்டு வேலை பயின்று, ‘ஷ்பெங்லர்’ என்ற தொழிற்பட்டத்தோடு ஒரு முதிய எஜமானரிடம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரின் அறிமுகம் கிடைத்ததால், அக்டோபர் மாதத்தில், முதற் பனி விழுவதற்கு முன், அந்த ஆவல் நிறைவேறியது.

நான் சென்ற வீட்டின் கூரை நாகத்தகட்டினால் ஆனது. தகடுகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை மடித்து இறுக்கி, அரை மீட்டருக்கு ஒன்றாக நிமிர்ந்து நிற்கும் மடிப்புகளாக முகட்டிலிருந்து இறவாரம் வரை ஓடவிட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஓர் ஆணிகூடத் தெரியாது. ஆணி இல்லாத இடத்தில் ஒழுக்கும் இல்லை. அந்தக் கூரையைப் பல ஆண்டுகளுக்கு முன் வேய்ந்தவரே அந்த முதிய எஜமானர். அப்பொழுது பனித்தடுப்பு வைக்காமல் விட்டதற்கும் தக்க காரணம் இருந்தது. வீட்டின் அந்தப் பக்கம் வெறும் புல்வெளி. பனி தானே சரிந்து விழுந்து, வசந்த காலம் வரை கிடந்து கரைய இடம் தாராளமாக இருந்தது. இப்போது அங்கே பின்னால் எழுந்த வீட்டிற்குச் செல்லும் நடைபாதை வந்துவிட்டது. விழ இடமிருந்தால் பனியை விழவிடுவதே நல்லது, மனிதர் நடமாடும் இடமானால் மட்டுமே தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அம்முதியவரின் சித்தாந்தம். தடுப்புகளை விற்றுப் பிழைக்கும் ஒருவர் இப்படிச் சொன்னது அவர்பால் எனக்கு மதிப்பை உண்டாக்கியது.

பனி உலோகக் கூரையில் ஏன் இவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை அறிந்தால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். அந்தப் பிரதேசத்துப் பழைய வீடுகளின் மரச் சில்லுக் கூரைகளும் கற்பலகைக் கூரைகளும் சொரசொரப்பானவை. பனி அவற்றைப் பற்றிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றும் போதாது என்று, இறவாரத்தின் ஓரமாக ஒரு முழு மரத்தண்டைக் கொக்கிகளில் கிடத்தி வைக்கும் வழக்கமும் ஆல்ப்ஸில் உண்டு. அடுத்த தெருவில் ஒரு தொழுவத்தின்மேல் வெயிலில் வெளுத்துப்போன அத்தகைய தண்டொன்றை நானே பார்த்தேன். தகடோ வழவழப்பானது. வெயில் பட்டவுடனேயோ, தெற்கிலிருந்து மலையைத் தாண்டிவரும் ‘ஃபோன்’ என்னும் வெப்பக்காற்று வீசியவுடனேயோ, பனிப்படுகையின் அடிப்பக்கம் உருகி, தகட்டிற்கும் பனிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. அந்தக் கணத்தில் உராய்வு ஏறக்குறைய அற்றுப்போக, வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த பனி முழுவதும் ஒரே பெயர்ச்சியாகக் கிளம்பிவிடுகிறது. புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவே இருக்கும். படிந்து இறுகிய பனியோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கும், ஈரம் ஏறியது 400 கிலோவும் அதற்கு மேலும் கனக்கும். கீழே நிற்பவர்மேல் விழுவது இந்தக் கனத்த பனியே.

“மாமா, பனி கூரையில இருந்து விழுறதைப் பற்றித்தான் எல்லாரும் கதைப்பினம். அது நிக்கேக்க கூரையை எவ்வளவு இழுக்குதெண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்லை” என்றார் அந்த இளைஞர். அவர் சொன்னது அந்தத் தொழிலின் சாரம் என்றே நான் கருதுகிறேன். தடுப்பை வைத்தவுடன் பனியின் பாரம் மறைந்துவிடுவதில்லை. விழுந்து தீர்ந்திருக்க வேண்டிய பாரம் முழுவதும் தடுப்பில் தங்கி, தடுப்பிலிருந்து மடிப்பிற்கும், மடிப்பிலிருந்து தகட்டிற்கும், தகட்டிலிருந்து அதைப் பலகையோடு பிணைக்கும் பிடிகளுக்கும், அங்கிருந்து கைமரத்திற்கும் சுவருக்கும் இறங்க வேண்டியிருக்கிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கே அறுபடும்.

ஆகவே அவர்கள் ஏணியை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுத்தார்கள். அந்நாட்டுக் கட்டட விதிப்படி பனிச்சுமையானது ஊரின் உயரத்தோடு, அதுவும் உயரத்தின் வர்க்கத்தோடு, ஏறிக்கொண்டே போகிறது. பிரதேசத் திருத்தங்களை நீக்கிப் பார்த்தால், 400 மீட்டர் உயரத்து ஊரில் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 90 கிலோ அளவு கணக்கிட வேண்டிய சுமை, 1,200 மீட்டரில் 500 கிலோவாகவும், டாவோஸின் உயரத்தில் 800 கிலோவுக்கு மேலாகவும் பெருகிவிடுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கூரைமேல் நிற்பதாகக் கொள்வார்கள். இந்த வீட்டிற்கு அது சதுர மீட்டருக்கு 400 கிலோ. முகட்டிற்கும் இறவாரத்திற்கும் இடையே கிடைமட்டத் தூரம் 6 மீட்டர். சரிவு 30 பாகை. எனவே இறவாரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் மேலே 2,400 கிலோ பனி இருக்க, 30 பாகைச் சரிவில் அதில் சரிபாதி, அதாவது 1,200 கிலோ, கூரையின் வழியே கீழ்நோக்கி இழுக்கும். உராய்வை அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வேண்டிய சமயத்தில் இல்லாமற்போகும் துணையை நம்பிக் கணக்கெழுதலாகாது. 12 மீட்டர் நீளமுள்ள அந்தப் பக்கம் முழுவதற்கும் சேர்த்து 14 டன்னுக்கு மேற்பட்ட இழுவை, ஒரு குழாயையும் அதை மடிப்புகளோடு கவ்விப் பிடிக்கும் சில கிளாம்புகளையும் நம்பி நிற்கப்போகிறது என்பதைத் தாளில் கண்டபோது, அதுவரை ஏதோ அலங்காரக் கம்பிபோல் எனக்குத் தோன்றிய அப்பொருளின் கௌரவமே மாறிவிட்டது.

மடிப்புக்கு மடிப்பு அரை மீட்டர் என்றால் மடிப்பு ஒன்றுக்கு 600 கிலோ. அந்த வகைத் தகட்டின்மேல் சோதித்துப் பார்த்து, ஒரு கிளாம்ப் நிச்சயமாகத் தாங்குவது 200 கிலோ என்று அதன் சோதனைப் பத்திரம் கூறுமானால், ஒரே வரிசை வைத்துவிட்டு இறங்கிவருவது அபாயத்தைக் கூட்டிவிட்டு வருவதாகும். மூன்று வரிசைகள், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கிளாம்புடன், வேண்டும். முதியவர் மூன்று வரிசைகளே வைத்தார். கீழ்வரிசையை இறவாரத்தின் நுனியில் வைக்காமல், சுவருக்கு நேர்மேலே வருமாறு தள்ளி அமைத்தார். வெளியே நீண்டு நிற்கும் கைமர நுனிகளில் அவ்வளவு பாரத்தையும் தேக்கினால் அவை வளைந்துவிடும் அல்லவா?

பொருளைத் தேர்வதிலும் அதே நிதானம். நாகத்தகட்டின்மேல் அலுமினியக் கிளாம்ப் பிணக்கின்றி வாழும். அதையே செம்புத்தகட்டின்மேல் வைத்தால், ஈரத்தில் இரண்டு உலோகங்களுக்கும் இடையே நிகழும் மின்வேதி விளைவினால் அலுமினியம் அரித்துப்போகும். ஆகவே செம்புக்கூரைக்குச் செம்போ பித்தளையோ துருவேறா எஃகோதான் பொருந்தும். தகட்டைத் துளைத்துத் திருகாணி இறக்குவதை மடிப்புக்கூரையில் அவர்கள் கனவிலும் நினைப்பதில்லை. ஒழுகும் என்பதோடு, வெயிலிலும் குளிரிலும் நீண்டு சுருங்கும் தகட்டை அது ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடும். 10 மீட்டர் நாகத்தகடு, கடுங்குளிருக்கும் கோடை வெயிலுக்கும் இடைப்பட்ட 100 பாகை மாற்றத்தில் 22 மில்லிமீட்டர் நீள்கிறது. வட அமெரிக்காவில் பசை தடவி ஒட்டும் பிளாஸ்டிக் தடுப்புகள் வழக்கில் உள்ளன. அப்பசை இறுகுவதற்கு இளஞ்சூடும் பல நாள் அவகாசமும் மாசற்ற மேற்பரப்பும் வேண்டும். அக்டோபர் மாதத்து ஆல்ப்ஸில் இம்மூன்றையும் எதிர்பார்ப்பது வீண்.

கூரைமேல் வேலை தொடங்குமுன் இறவாரத்தின் ஓரத்தில் சாரமும் கைப்பிடித் தடுப்பும் கட்டப்பட்டிருந்தன. 2 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் பாதுகாப்பின்றி வேலை செய்ய அந்நாட்டு விதி இடந்தருவதில்லை. சாரத்தின் பலகையில் நின்றபடியே வேலையைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. மடிப்பின் இருபுறமும் கவ்வும் கிளாம்பை வைத்து, மடிப்புக்குள் மறைந்திருக்கும் நகரும் பிடிகளை நெரிக்காதவாறு இடம் பார்த்து, திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார் இளைஞர். கடைசி இறுக்கத்திற்குக் கைப்பழக்கத்தை நம்பாமல், முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனரையே பிரயோகித்தார். குறைவாக இறுக்கினால் கிளாம்ப் வழுக்கும். மிகுதியாக இறுக்கினால் மெல்லிய தகடு நசுங்கிப் பிளக்கும். ஒரு வரிசை முடிந்ததும் முதியவர் தாமே ஏறி ஒவ்வொரு திருகாணியையும் மறுபடி சோதித்தார். முப்பது வருஷம் கூட இருந்தவனானாலும் அப்படித்தான் சோதிப்பாராம். இதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை என்பதை அந்த இளைஞரின் முகத்திலேயே கண்டேன்.

பிறகு குழாயைக் கோத்தார்கள். துண்டுக்குத் துண்டு இணையும் இடத்தில், நீள்வதற்கென்று சிறிது இடைவெளி விட்டார்கள். குழாய்க்கும் தகட்டிற்கும் நடுவிலுள்ள சந்தின் வழியே பனிக்கட்டி நழுவிப்போகாதபடி, மடிப்புகளுக்கு இடையே ஒவ்வொன்றாகச் சிறு தகட்டுத் துண்டுகளைத் தொங்கவிட்டார்கள். நான் அந்தக் குழாயைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்க்க முயன்றபோது, “அதில பிடிக்காதேங்கோ மாமா. கயிறும் கட்டக் கூடாது. அது பனிக்குப் போட்டது, மனிசருக்கில்லை” என்று அவர் என் கையை மெல்ல விலக்கினார். மனிதர் தொங்கிக்கொள்ள வேண்டிய நங்கூரக் கொக்கி தனியாக, கைமரத்தோடு பிணைக்கப்பட்டு, முகட்டின் அருகே இருந்தது.

இத்தனை இழுவையையும் இறுதியில் ஏற்பவை, தகட்டை அசையாமல் பலகையோடு பிணைக்கும் நிலைப்பிடிகள். நீண்ட தகட்டில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே அவற்றை வைத்து, மற்ற இடங்களில் நகரும் பிடிகளை வைப்பது முறை. தடுப்பு எவ்வளவு உறுதியானாலும், நிலைப்பிடிகள் போதாவிட்டால் தடுப்போடு சேர்ந்து தகடே கழன்று இறங்கிவிடும். முதியவர் அந்தக் கூரையை வேய்ந்த காலத்திலேயே, பிற்காலத்தில் தடுப்பு வரக்கூடும் என்று எண்ணி நிலைப்பிடிகளை நெருக்கமாக வைத்திருந்தார். அந்த வரைபடம் அவரிடம் பத்திரமாக இருந்தது. யார் கண்ணிலும் படாத, மடிப்புக்குள் புதைந்த ஒரு காரியத்தை வருங்காலத்திற்காகச் செய்துவைத்து, அதற்காக அதிகப் பணமும் கேளாத அந்தச் சிரத்தைக்கு நான் தலைவணங்குகிறேன்.

மாலையில் திரும்பும் வழியில் வேறொரு வீட்டைக் காட்டினார்கள். வாசலுக்கு மேலே மட்டும் இரண்டு மீட்டர் நீளத்திற்கு ஒரு தடுப்பு. அதன் ஒரு முனை பிடுங்கப்பட்டு, குழாய் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பனி ஒரே பாளமாக இறுகி நிற்பதால், தடுப்பில்லாத இருபக்கத்துப் பனியும் அந்தச் சிறு துண்டையே பற்றி இழுக்கும். சிக்கனம் என்று எண்ணிச் செய்தது இரும்புக் குழாயையும் சேர்த்து வாசலில் விழவைக்கிறது. இப்படி வாசலுக்கு மட்டும் வைப்பதைக் காட்டிலும், ஒன்றும் வைக்காமல் கீழே வழியை மறித்துவிடுவது மேல் என்பது என் துணிபு. அப்படி விழுந்து யாருக்கேனும் தீங்கு நேர்ந்தால் தப்ப வழியில்லை; அந்நாட்டுக் கடப்பாட்டுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, கட்டடத்தின் அமைப்புக் குறையாலோ பராமரிப்புக் குறையாலோ விளையும் கேட்டிற்கு உரிமையாளரையே பொறுப்பாக்குகிறது.

பனி பெய்யும் தேசங்களில் நம்மவர் இன்று பெருந்தொகையாக வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இது. உங்கள் கூரை உலோகமானால், கோடையிலேயே ஒரு கைதேர்ந்த தகட்டுத் தொழிலாளியை அழைத்துக் காட்டுங்கள். கூரையின் அளவையும் ஊரின் உயரத்தையும் கேளாமலே விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். கைமரங்கள் தங்கும் பனியைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் சூரிய ஒளிப் பலகைகள் வைப்பதானால், பனி சரியும் மட்டம் அவற்றின் கண்ணாடிக்கு உயர்ந்துவிடுமாதலால், தடுப்பின் உயரத்தையும் மறுபடி நிர்ணயிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு, ஒவ்வோர் ஆண்டும் பனிக்காலம் தொடங்குமுன் திருகாணிகளைச் சோதிக்க அதே தொழிலாளியைத் திரும்ப அழையுங்கள். அதற்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.