கூட்டலும் கழித்தலும்

சென்னையில் ஒருவர், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று சொன்னால், எந்த டப்பாவில் என்று எவரும் கேட்பதில்லை. பொருளின் பெயரே நோயின் பெயராகிவிட்ட நகரம் இது. இனிப்புக்குத் தமிழில் பெயர்கள்தாம் எத்தனை! வெல்லம், கருப்பட்டி, கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, சீனி, அஸ்கா. இவற்றுள் அஸ்கா என்பது அந்நாள் சென்னை மாகாணத்தின் கஞ்சாம் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர். இப்பெயர்களுள் சிலவற்றை நல்லவை என்றும், சிலவற்றைத் தீயவை என்றும் பிரித்துக்கொண்டு நாம் மனஅமைதி தேடுகிறோம். அந்தப் பிரிவினை மெய்யானதுதானா என்று சற்றே ஆராய்வோம்.

நீரிழிவு நமக்கு அயலூர்ச் செய்தி அன்று. 1996-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்துகொண்டது. ஒன்று, நடுத்தர வருவாயினர் வாழ்ந்த தியாகராய நகர்க் குடியிருப்பு. மற்றது, குறைந்த வருவாயினர் வாழ்ந்த திருமங்கலக் குடியிருப்பு. அப்போது முன்னதில் நூற்றுக்கு 12.4 பேருக்கும், பின்னதில் 6.5 பேருக்கும் நீரிழிவு காணப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, தியாகராய நகரில் அது 15.4 ஆகவும், திருமங்கலத்தில் 15.3 ஆகவும் உயர்ந்திருந்தது. செல்வத்தில் எட்ட இயலாதவர்கள் நோயில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். இதற்கு இனிப்பு மட்டுமே காரணம் அன்று. மரபு, இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, குறைந்துபோன உடலுழைப்பு, தட்டில் குவியும் வெள்ளைச் சோறு ஆகிய யாவும் கூட்டாளிகளே. ஆயினும், நோய் வந்தபின் நம் கண் முதலில் செல்வது சர்க்கரை டப்பாவின் மீதுதான்.

அந்த டப்பாவை நாம் காலி செய்வதில்லை, மாற்றி நிரப்புகிறோம். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, "நாட்டுச் சர்க்கரைதான் போட்டிருக்கோம் ஃபாதர், ஒண்ணும் செய்யாது" என்ற சொல்லோடு காப்பி வருவது இப்போது வழக்கம். அச்சொல்லில் அன்பு உண்டு, உண்மை குறைவு. கரும்பின் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். அதையே தூய்மைப்படுத்திப் படிகமாக்கினால் வெள்ளைச் சர்க்கரை. பனையின் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள். அது குடலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. கரும்பிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா என்று குருதி விசாரிப்பதில்லை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு உண்டு என்பது மெய். ஆனால், அந்த இரும்புக்காக வெல்லம் தின்பவர் இரும்பைவிடச் சர்க்கரையையே மிகுதியாகப் பெறுவார். அதற்கு முருங்கைக் கீரை போதும். தேனும் இவ்வாறே. அதன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைகளே. ஃபிரக்டோஸ் இரத்தச் சர்க்கரையை உடனே உயர்த்துவதில்லை என்று மகிழ்வாரும் உளர். அது பெரிதும் கல்லீரலுக்குச் சென்று, மிகும்போது அங்கே கொழுப்பாகிறது.

எனவே வினா எந்தச் சர்க்கரை என்பதன்று, எவ்வளவு என்பதே. உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையில், உணவில் சேர்க்கும் சர்க்கரையையும், தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில் எழுதியது. அன்றாட ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே அது இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இன்னும் நன்று. நாள்தோறும் 2000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். ஒரு தேக்கரண்டி என்பது ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி என நாளொன்றுக்கு மூன்று முறை காப்பி அருந்துபவர் காப்பியிலேயே 24 கிராமை எட்டிவிடுகிறார். முழுப் பழம் இக்கணக்கில் சேராது. அதன் நார் சர்க்கரையை மெல்லவே விடுவிக்கிறது.

சர்க்கரையை மாற்றிக்கொண்டும் அச்சம் தீராதபோது நாம் சத்து மாத்திரையை நாடுகிறோம். மயிலையிலும் அடையாற்றிலும் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில், கட்டிலருகே வைட்டமின் குப்பிகள் வரிசையாக நிற்பதைக் காண்கிறோம். கடல் கடந்து வாழும் மகனோ மகளோ விடுமுறையில் வரும்போது கொண்டுவந்தவை அவை. உடனிருக்க இயலாத பிள்ளைகளின் பாசம் அக்குப்பிகளில் அடைபட்டிருக்கிறது. பாசத்தை நாம் குறை கூறோம். வைட்டமினையும் குறை கூறோம். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சியே, ஹைதராபாத்தில் இன்று விளங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வித்து. தவிடு நீக்கித் தீட்டிய அரிசியில் தயாமின் என்னும் வைட்டமின் பி1 குறைவதே பெரிபெரிக்கு வழி. நெல்லை அவித்துப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குவதால், புழுங்கலரிசி உண்டவர்களை அந்நோய் அவ்வளவாக அணுகவில்லை. குறை உள்ள இடத்தில் வைட்டமின் உயிர் காக்கும்.

குறை இல்லாத இடத்தில்? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடத்தி, 1994-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வைட்டமின் ஏ-வின் மூலப்பொருளான பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது. புற்றைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை அது! வைட்டமின் டி அளவு கடந்தால் குருதியில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்தை வருத்தும்.

இவ்விரண்டு வழிகளும் வந்து சந்திக்கும் இடம் நம் முதியோரின் பாதம். நீரிழிவுக்குப் பெரும்பாலோர் உண்ணும் மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் நெடுநாள் உண்ணும்போது, உணவிலுள்ள பி12 உடலில் சேர்வதை அது குறைக்கக்கூடும். அந்த வைட்டமின் இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேதான். ஆகவே பாலும் தயிரும் குறைந்த மரக்கறி உணவினருக்கு இடர் மிகுதி. பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், எரியும். சர்க்கரையால் வந்தது என்று அதைப் பொறுத்துக்கொள்வோர் பலர். ஏதோ ஒரு சத்து மாத்திரையைத் தாமே வாங்கி உண்போரும் பலர். அதில் ஃபோலிக் அமிலம் மட்டும் இருந்தால், சோகை மறைந்து நரம்பின் சேதம் உள்ளே வளரலாம். பி6 பேரளவில் நெடுநாள் சேர்ந்தாலோ, அதுவே நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை மழுங்கச் செய்யும். மரத்த பாதத்தில் பட்ட புண் வலிப்பதில்லை. வலிக்காத புண்ணை யாரும் பார்ப்பதில்லை. காலை இழந்தபின் நற்கருணை பெறக் காத்திருப்போரை நாம் அறிவோம். ஓர் எளிய இரத்தச் சோதனை பி12 குறையைக் காட்டிவிடும். காட்டியபின் அதற்குரிய மாத்திரையோ ஊசியோ மருந்தேயன்றி வெறும் நம்பிக்கை அன்று.

மனித மனத்துக்குக் கூட்டல் எளிது, கழித்தல் கடினம். நம்மிடம் எதையும் கேளாத பரிகாரத்தையே நாம் விரும்புகிறோம். வெள்ளையை விட்டுப் பழுப்பைச் சேர்ப்போம், அதன்மேல் ஒரு மாத்திரையைச் சேர்ப்போம். இரண்டாம் கரண்டியை மட்டும் விடமாட்டோம். தவக்காலத்தில் நாற்பது நாள் கழித்தலைப் பழகும் மக்களுக்கு இது இயலாத செயலா?

கட்டிலருகே உள்ள குப்பிகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவையானதை அவர் வைத்துக்கொள்ளச் சொல்வார். நாள்தோறும் இரவில் பாதங்களைப் பாருங்கள். முதியோர் குனிய இயலாவிடில் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். விருந்தினர் சர்க்கரை வேண்டாம் என்றால் வற்புறுத்தாதிருங்கள். அதுவும் விருந்தோம்பலே.