92 வெள்ளத்தின் கணக்கு இனி உதவாது

தாமிரபரணிக் கரையில் என் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் வெள்ளத்துக்கு ஓர் அளவு உண்டு: 1992 நவம்பர். "92-லயே நம்ம வாசப்படி ஏறல, இப்பவா ஏறிரப் போவுது?" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிடுவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரில் கிளம்பிய சென்னை ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் வயசாளிகளைத் தோளில் தூக்கி மாடி ஏற்றியவர்கள் இருபது வயதுப் பையன்கள்.

தண்ணீர் வடிந்ததும் அவர்களை மறந்தாயிற்று. மணல் மூட்டை தூக்க, சோற்றுப் பொட்டலம் கொடுக்க, மரக்கன்று நடும் போட்டோவில் நிற்கப் பிள்ளைகள் வேண்டும். மறுகால் ஓடையை எங்கே அகலப்படுத்துவது, எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால், இருக்கிற பணத்தை எதில் போடுவது என்ற பேச்சு வந்தால் மட்டும், "பெரியவங்க பேசும்போது குறுக்க வராத."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய 18 வயதுப் பிள்ளை கிராம சபையில் முழு உறுப்பினர். 21 வயதில் ஊராட்சித் தலைவர் பதவிக்கே நிற்கலாம். மாவட்டந்தோறும் ஆட்சியரின் கீழ் காலநிலை மாற்ற இயக்கம் என்று அரசும் அமைத்திருக்கிறது. ஆனால் நம் தெருவில் தண்ணீர் எங்கே தேங்கியது என்று அங்கே யார் போய்ச் சொல்வது?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த வெள்ளம் வடிந்தபோது சுவர்களில் சேறு ஒரு கோடு போட்டிருந்தது. வெள்ளையடித்து அழிப்பதற்குள் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கதவு எண், தரையிலிருந்து கோடு எத்தனை அடி, தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது எல்லாம் நோட்டில் ஏறின. கூட்டிப் பார்த்தால், தண்ணீர் அதிகம் நின்றது பள்ளத்தெருவில் இல்லை, மேலத்தெருவில். புதிதாக உயர்த்திப் போட்ட ரோடு தண்ணீரை மறித்திருக்கிறது. அதன் அடியில் ஒரே ஒரு குழாய். ரோடு வந்த பிறகு அந்தப் பக்கம் நடக்காத எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

அவள் அதோடு விடவில்லை. "தாத்தா, இந்த வீடுகள் வர்றதுக்கு முன்னால இங்க ஓடை போச்சா?" என்று கேட்டாள். போனது. அது எந்தப் பனைமரத்தை ஒட்டித் திரும்பியது என்பதுவரை எங்களுக்குத் தெரியும்; கேட்க ஆள் இல்லாததால் சொல்லவில்லை. இளையவர்களைச் சேர்த்தால் பெரியவர்களின் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

அக்டோபர் 2, நவம்பர் 1 என்று மழையை ஒட்டி இரண்டு கிராம சபைகள் வருகின்றன. பேரனையும் பேத்தியையும் கையோடு கூட்டிப் போங்கள். 18 ஆகாதவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கட்டும். பிள்ளைகள் வைக்கும் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். ஆகும் என்றால் எந்தத் தேதிக்குள், ஆகாது என்றால் ஏன் என்ற பதிலையும் அதே புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.