செவிக்கு அளவெடுப்பவர்கள்

ஒரு காதின் அச்சை எடுக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் சிறு விளக்குக் கருவியால் காதுக்குள் பார்க்கிறார்கள். குறும்பி அடைத்திருந்தால் சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் நூல் கட்டிய சிறு பஞ்சைக் காதுக்குழாயின் இரண்டாம் வளைவு தாண்டும்வரை மெல்லத் தள்ளி வைக்கிறார்கள். செவிப்பறைக்கு அதுதான் காவல். பிறகு இரண்டு சிலிக்கோன் பசைகளைச் சரிபாதியாகப் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, காது நிறையச் செலுத்துகிறார்கள். சில்லென்று இருக்கிறது. அடுத்த கணம் அந்தப் பக்கத்து ஓசைகள் எல்லாம் அற்றுப்போகின்றன.

“வாயத் திறந்தே வச்சிருங்கண்ணே, இந்தக் கட்டையக் கடிச்சுக்குங்க” என்றார் அச்செடுத்த பெண். “மூடிட்டீங்கன்னா குழாயோட வடிவம் மாறிடும். மேடையில பாடுறவங்க வாயத் திறப்பாங்கல்ல? அப்ப இடுக்குல காத்து போச்சுன்னா கீழ்ச்சத்தம் மொத்தமும் போயிடும்.”

தாடை அசையும்போது காதுக்குழாயும் உருமாறுகிறது. ஐம்பது வயதைக் கடந்த எனக்கு என் உடம்பைப் பற்றி இது புதுச் செய்தி.

நான் போயிருந்தது கேன்ஜாம் என்னும் ஹெட்ஃபோன் காட்சிக்கு. ஜூட் மன்சிலா என்ற அமெரிக்கர் 2001இல் தொடங்கிய ஹெட்-ஃபை ரசிகர் வட்டம் நடத்துவது. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு முதன்முதலாக மரினா ஸ்குவேரை ஒட்டிய பான் பசிபிக் ஹோட்டலில் நடந்தது. இந்த ஊருக்கு அது பொருத்தமானதுதான். கணினிக்குக் குரல் கொடுத்த சவுண்ட் பிளாஸ்டரை 1989இல் உலகச் சந்தைக்கு அனுப்பிய கிரியேட்டிவ் நிறுவனம் இங்கே பிறந்தது. சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகளை ஏறி இறங்கிப் பார்ப்பதையே வார இறுதி வழக்கமாக வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

கூடம் நிறைய மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து கருவிகள், முன்னால் இரண்டு மூன்று நாற்காலிகள். உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடியிருக்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவதில்லை. எழுந்து போகுமுன் ஒலியளவைக் குறைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது யாரும் எழுதி ஒட்டாத விதி. அடுத்தவர் காதை மதிக்கும் வழக்கம் அது. செவிக்குள் செருகும் கருவிக்கு ரப்பர் முனையை அவரவர் கொண்டுவந்துவிடுகிறார்கள். மேசைக்காரர் ஒவ்வொரு தடவையும் சாராயத் துணியால் துடைத்து வைக்கிறார். காலை முதல் மாலை வரை கேட்பது, துடைப்பது, விளக்குவது, மறுபடி துடைப்பது. இந்த உழைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் பிடித்திருந்தது.

அச்செடுத்த பெண் ஜொகூர் பாருக்காரர். வேலைக்காகத் தினமும் கடற்பாலம் கடந்து வருகிறவர். இந்தத் தொழிலுக்கு வருமுன் காது கேட்கும் கருவிக் கடையில் முதியவர்களுக்கு அச்செடுத்துக்கொண்டிருந்தாராம். “எங்க கம்பெனியில பாதிப் பேரு காது மெஷின்ல இருந்து வந்தவங்கதான்” என்றார்.

தொழிலின் வரலாறும் அதுதான். செவிக்குள் செருகும் உயர்தரக் கருவிகளின் உயிர்நாடி பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற ஒலியெழுப்பி. 5, 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள உலோகப் பெட்டி. உள்ளே இரு காந்தங்களுக்கு நடுவே எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் மெல்லிய உலோக நாக்கு. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் நாக்கு அசையும். அந்த அசைவை ஒரு நுண்ணிய ஊசி மேலே உள்ள சவ்வுக்குக் கடத்தும். இந்தப் பொறியை இவ்வளவு சிறியதாக்கியவர்கள் காது கேளாதவர்களுக்காக உழைத்தவர்கள். கேட்கும் கருவி காதுக்குப் பின்னாலும் காதுக்குள்ளும் ஒளிய வேண்டும், சிறு பேட்டரியில் நாள்கணக்கில் ஓட வேண்டும் என்ற தேவையே அதைச் சுருக்கியது. அத்தகைய பொறிகளைச் செய்த நோல்ஸ் நிறுவனத்தில் இருந்த மீட் கில்லியன், பின்னர் எட்டிமோட்டிக் என்ற தம் நிறுவனத்தைத் தொடங்கி 1991இல் இசைக்கென்றே ஈஆர்-4 என்ற செவிக்கருவியைக் கொண்டுவந்தார். 1995இல் வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதளவெடுத்த கருவி ஒன்றைச் செய்தார். மேடை ஒலிபெருக்கிகளின் இரைச்சலில் டிரம்மரின் காது போய்விடாமல் இருக்க அது தேவைப்பட்டது. இன்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் செலவிட்டு வாங்குவது இந்த இரண்டின் வாரிசுகளைத்தான்.

என் அச்சு இறுகியதும் அந்தப் பெண் அதை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு காதுகளும் ஒன்றுபோல இல்லை. இடது குழாய் வலதைவிட ஒடுக்கம், வளைவும் கூடுதல். “எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார்.

அடுத்த மேசையில் அதன் மேல்வேலை. இளைஞர் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தார். பழைய முறையில் அச்சைச் செதுக்கி, மெழுகில் தோய்த்து, அதன்மேல் வார்ப்பு எடுப்பார்கள். வார்ப்பில் ரெசினை ஊற்றிப் புற ஊதா விளக்கைச் சில விநாடி காட்டினால் ஓரம் மட்டும் இறுகும். நடுவில் நீர்மமாக இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டினால் உள்கூடான ஓடு கிடைக்கும். எத்தனை விநாடி என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. கூடினால் ஓடு தடித்து உள்ளே இடம் போதாது, குறைந்தால் விரிசல் விடும். இப்போது பல பட்டறைகளில் அச்சை ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஓடுகளை உருவாக்குகிறார்கள். அதனால் கைவேலை ஒழிந்துவிடவில்லை. தலைமுடி அளவுக் கம்பிகளைப் பற்றவைப்பதும், ஒவ்வொரு ஒலியெழுப்பிக்கும் குழாய் பொருத்துவதும், ஓடுகளைத் தேய்த்து மெருகேற்றுவதும் இன்னும் விரல்களின் வேலையே. குழாய்க்குள் வலையிட்ட சிறு வடிகட்டிகளைச் செருகுகிறார்கள். அவை ஒலியின் முனைப்பைத் தணிப்பவை. எவ்வளவு தணிக்கும் என்பதை அவற்றின் நிறம் சொல்லிவிடும். அந்த இளைஞர் நிறம் நிறமாகப் பிரித்த டப்பாவிலிருந்து பார்க்காமலே எடுத்தார். இடது, வலது இரண்டையும் செயற்கைக் காதில் பொருத்தி அளந்து, இரண்டின் அலைவரிசைக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை மறுபடி மறுபடி பிரித்துப் பூட்டினார்.

பழுதுக்குத் திரும்பி வருவதில் பெரும்பங்கு எது என்று கேட்டேன். “குறும்பிதான்” என்று சிரித்தார். குழாய் வாயில் அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் மங்கிவிடும். புதிதாக வாங்க ஓடுமுன் சிறு தூரிகையால் துடைத்துப் பாருங்கள் என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் புத்திமதி.

இனி கேட்ட கதை. நான் எப்போதும் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கொண்டுபோவேன். ஒன்று, இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘ஹவ் டு நேம் இட்’. அதில் வி. எஸ். நரசிம்மனின் வயலினைச் சுற்றி மற்ற தந்திகள் அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்குகள் பிரிந்து கேட்கின்றனவா என்று பார்ப்பேன். மற்றது வீட்டுக் கூடத்தில் பதிவான ஒரு கச்சேரி: தம்புரா, குரல், மிருதங்கம்.

மிருதங்கம் கருவியின் குட்டை உடைத்துவிடும். ஆர்மச்சர்கள் மட்டுமே கொண்ட கருவியில் வலந்தலையின் மீட்டும் சாப்பும் துல்லியமாக விழுந்தன. இடந்தலையான தொப்பியில் உள்ளங்கை அழுத்தி இழுக்கும் கும்கியோ வற்றிப்போயிருந்தது. அந்தச் சின்னஞ்சிறு நாக்கால் அவ்வளவு காற்றைத் தள்ள முடிவதில்லை. இதனால்தான் கலப்புக் கருவிகள் வந்தன: அடித்தளத்துக்குச் சாதாரணக் கூம்பு ஒலியெழுப்பி, நடுவுக்கு ஆர்மச்சர், உச்சிக்கு மின்னிலைச் சவ்வு. கேட்க நன்றாக இருந்தாலும் சிலவற்றில் தொப்பி ஓரிடத்திலும் வலந்தலை வேறோர் இடத்திலும் ஒலிப்பதாகப் பட்டது. ஒரே வாத்தியத்தை இரண்டாக வெட்டினால் என் காது ஒப்பவில்லை. ஐந்து, பத்து என்று ஒலியெழுப்பிகளின் எண்ணிக்கையைச் சொல்லி விற்பவர்களிடம் நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

தம்புரா அதைவிடக் கடினமான தேர்வு. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி வரவழைக்கும் அந்த ரீங்காரத்தில் மேல்ஸ்வரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதை முழுதாகத் தந்தது ஸ்டாக்ஸ். 1960 முதல் மின்னிலை ஹெட்ஃபோன்களை விற்றுவரும் ஜப்பானிய நிறுவனம் அது. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே, 2 மைக்ரானுக்கும் மெல்லிய சவ்வு, 580 வோல்ட் மின்னூட்டத்துடன் மிதக்கிறது. கூடத்துப் பேச்சுச் சத்தம் திறந்த கிண்ணங்கள் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. அதையும் மீறித் தம்புரா கேட்டது. நான் எழுந்திருக்கத் தயங்கிய நாற்காலி அது ஒன்றே.

கேபிள் மேசைகளில் கூட்டம் அதிகம். ஒவ்வோர் இழைக்கும் தனித்தனிப் பூச்சுக் கொடுத்த செம்பு, வெள்ளிக் கம்பிகளைச் சடை பின்னுவது போல நான்காகவும் எட்டாகவும் கையாலேயே பின்னுகிறார்கள். பின்னல் ஓரிடத்தில் தளர்ந்தாலும் அவிழ்த்துவிடுகிறார்கள். அந்தக் கைநேர்த்திக்கு விலை கொடுப்பதில் தவறில்லை. ஒலி மாறும் என்று நம்பி விலை கொடுக்காதீர்கள். மாற்றி மாற்றிக் கேட்டும் என் செவிக்கு வேறுபாடு தட்டவில்லை.

விலை பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜெரோன் பிரெபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017இல் முடிவை வெளியிட்டார். அவற்றின் அலைவரிசைச் சமநிலைக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே காணவில்லை. ஷான் ஆலிவும் அவர் குழுவினரும் ஹார்மன் நிறுவனத்தில் பெரும்பாலான கேட்போருக்குப் பிடிக்கும் ஒலிச்சமநிலை எது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து வெளியிட்டார்கள். இன்று சீனத்திலிருந்து வரும் 20, 30 சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள செவிக்கருவிகள் பலவும் அந்தச் சமநிலையைப் பின்பற்றிச் செய்யப்படுகின்றன. மாணவர் ஒருவர் அப்படியொன்றை வாங்கினால் போதும். கடன்பட்டுப் பெரியதை வாங்க வேண்டியதில்லை. மேசைக்காரர்களில் நேர்மையானவர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள். அன்று இரண்டு பேர் என்னிடம் வாய்விட்டே சொன்னார்கள்.

கூட்டம் குறைந்த நேரத்தில் ஜொகூர் பெண்ணிடம் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எழுபது வயதுக்குமேல் காது மெஷின் மாட்டிக்கொண்டார். பேச்சு கேட்டது, பேரப்பிள்ளைகளோடு வாயாடினார். கச்சேரி மட்டும் அவரைவிட்டுப் போய்விட்டது. தம்புரா நடுங்குகிறது, அறுந்து அறுந்து வருகிறது என்பார். மெஷின் விற்ற கடையில் வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் நம்பிவிட்டோம். கடைசி ஆண்டுகளில் அவர் பாட்டே கேட்கவில்லை.

அந்தப் பெண் கையில் இருந்த சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டார். “அது வயசு இல்லண்ணே. மெஷின் ஊளையிடாம இருக்க உள்ளுக்குள்ள ஒரு கட்டுப்பாடு இருக்கும். ஒரே சுருதி நீளமா வந்துச்சுன்னா அத ஊளைன்னு நெனச்சு அழிக்கப் பாக்கும். தம்புரா, புல்லாங்குழல் எல்லாத்துக்கும் அந்தப் பிரச்சினை வரும். மியூசிக்குக்குன்னு தனியா ஒரு செட்டிங் போட்டு அத அடக்கி வச்சிருக்கலாம்.”

என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை. கேட்கும் கருவி பேச்சுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பேச்சுக்குத் தேவையான அலைவரிசையோடு அது பெரும்பாலும் நின்றுவிடும், மெல்லியதை ஏற்றி வலியதை அழுத்தும். இசை அதில் நசுங்குவதற்குக் காரணங்கள் உண்டு, தீர்வுகளும் உண்டு. காது கேளாதவர்களுக்காகப் பிறந்த பொறியை எடுத்துக்கொண்டு இன்பத்துக்காக இவ்வளவு நுட்பமாக வளர்த்திருக்கிறோம். வளர்ந்த கலை பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அந்தக் கூடத்தில் எனக்குத் தோன்றிய ஒரே எண்ணம். அதற்கான தொடக்கம் தெரிகிறது. லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்கள் பரிந்துரைச்சீட்டு இல்லாமலே கேட்கும் கருவி வாங்கலாம் என்று அமெரிக்கா 2022இல் விதியைத் தளர்த்தியது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2 செவிக்கருவியைக் கேட்கும் கருவியாகவும் மாற்றும் மென்பொருளுக்கு 2024 செப்டம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. பாட்டுக் கேட்கும் கருவியும் காது மெஷினும் ஒன்றாகிவிட்டன.

இருக்கும் செவியைக் காப்பதும் நம் பொறுப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்கு ஏற்றினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கைப்பேசியில் ஒலியளவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, இன்றே வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது காது மெஷின் போட்டிருந்தால், அடுத்தமுறை அதைச் சரிபார்க்கப் போகும்போது அவருக்குப் பிடித்த பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இசைக்கென்று தனி அமைப்பு போட்டுத் தரச் சொல்லுங்கள். பல டிஜிட்டல் கருவிகளில் அதற்கு வசதி உண்டு, கேட்டால்தான் செய்து தருகிறார்கள்.