பச்சை விளக்கு

எங்கள் பத்திரிகை ஆபீஸில் கம்பியில்லாத டெலிபோன் ஒன்று இருக்கிறது. மேஜை மீது அதற்கென்று ஒரு பீடம். பீடத்திலிருந்துதான் சுவருக்குக் கம்பி போகிறது. கருவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடக்கலாம். வாங்கிய நாள் முதல் எங்கள் மானேஜர் ஜன்னலோரம் நின்றுதான் பேசுகிறார். தெருவில் யார் போகிறார்கள் என்பதும் அங்கிருந்து தெரியும் அல்லவா?

அதன் சின்னத் திரையின் மூலையில் குட்டையும் நெட்டையுமாக நாலு கோடுகள். தலைப்பக்கம் ஒரு பச்சை விளக்கு. அது சில சமயம் நிலையாக எரியும். சில சமயம் கண் சிமிட்டும். கோபுரத்துப் பொம்மைகளைப் பார்ப்பதுபோல ஒரு வருஷ காலம் இவற்றைத் தினமும் பார்த்தேன். அர்த்தம் என்னவென்று யாரையும் கேட்டதில்லை.

அதன் பலன் ஓர் ஆடி மாதத்தில் கிடைத்தது.

திருச்சியிலிருந்து அக்காள் கூப்பிட்டாள். பூர்வீக வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று நாலு மாதமாக எங்களுக்குள் மனஸ்தாபம். செல்போனில் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை என்பது அவள் புகார். அதில் உண்மையும் உண்டு. ஆகவே ஆபீஸ் நம்பருக்கே வந்துவிட்டாள். நாலு பேர் காதுபடக் குடும்பச் சண்டை போட முடியுமா? பழைய இதழ்களைப் பூட்டி வைத்திருக்கும் பின்கட்டு அறைக்கு நழுவினேன். அங்கே வரிசையாக எட்டு இரும்பு பீரோக்கள்.

கருவி 'பீப், பீப்' என்றது. பாட்டரி தீர்கிறது போலும் என்று நினைத்து, இன்னும் உள்ளே தள்ளிப் போனேன்.

"தம்பி, நான் சொல்றதை முழுசாக் கேளு. அம்மா கடைசியா என்கிட்ட..."

அவ்வளவுதான். இரைச்சல்கூட இல்லை, கிணற்றில் கல் விழுந்து அடங்கியது போன்ற நிசப்தம். மேஜைக்கு ஓடிவந்து திரும்பக் கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. 'அம்மா பேச்சை எடுத்ததும் மாமா போனை வைத்துவிட்டாராம்' என்று அவள் பெண்ணிடமிருந்து சமாசாரம் வந்தது.

எங்கள் கணக்கர் அபூர்வப் பிறவி. கருவியோடு வரும் சிறு புஸ்தகத்தைப் படிக்கிறவர். "பாட்டரிச் சத்தம் வேறே சார், இது தூரச் சத்தம்" என்றார். விளக்கு நிலையாக எரிந்தால் பீடம் கைக்கெட்டும் எல்லைக்குள் இருக்கிறது. சிமிட்டினால் கருவி பீடத்தைத் தேடுகிறது. கோடுகள் குறையக் குறைய, திரும்பு என்று ஜாடை. ஐரோப்பாவில் 1992-ல் இதற்கென ஒரு பொது விதிமுறை ஏற்பட்டது. டெக்ட் என்று பெயர். அந்த வகைக் கருவி திறந்த வெளியில் சுமார் 300 மீட்டர் வரை எட்டுமாம். கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்றால் பெரிது. இரும்பு பீரோ குறுக்கே நின்றால் அதுவும் கிடையாது.

நான் எப்படி ஏமாந்தேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பழைய மாதிரிக் கருவியில் விலகிப் போகப் போக இரைச்சல் ஏறும், காதே சொல்லிவிடும். புதியதில் குரல் எண்களாக மாறிப் பிரயாணம் செய்கிறது. கடைசி அடி வரை அநேகமாகத் தெளிவாகவே கேட்கும். பிறகு ஒரேயடியாக அறுந்துபோகும். அறுந்ததும் பீடம் லயனை விட்டுவிடும். எதிர்முனையில் இருப்பவருக்கு, நாம் பட்டென்று போனை வைத்த மாதிரியேதான் இருக்கும்.

இன்னொன்று. அந்த நாலு கோடுகள் அக்காளுக்கும் எனக்கும் உள்ள தூரத்தை அளப்பவை அல்ல. என் கைக்கும் என் மேஜைக்கும் உள்ள தூரத்தையே அளப்பவை. திருச்சியிலிருந்து சென்னை வரை 300 கிலோமீட்டருக்கு மேல் அவள் குரல் பழுதில்லாமல் வந்திருக்கிறது. கடைசி நாற்பது அடியை நான்தான் கெடுத்தேன்.

பதினோராம் நாள் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினேன். அக்காள் கதவைத் திறந்தாள்; பேசவில்லை. காபி வந்தது. பச்சை விளக்கு, பீரோ எல்லாவற்றையும் சொன்னேன். பாதி நம்பினாள் என்று தோன்றியது.

"எது வரைக்கும் உன் காதிலே விழுந்தது?" என்று கேட்டாள்.

"அம்மா கடைசியா என்கிட்ட... அதுவரைக்கும்."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அந்த இடத்திலிருந்தே சொல்ல ஆரம்பித்தாள்.