கிருபாபாய் அம்மையாரும் எமது இல்லமும்

சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையின் சஞ்சிகையில் 1887ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் ஒரு தொடர்கதை வெளிவரலாயிற்று. 'சகுணா' என்பது அதன் பெயர். எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார். இந்திய மாதருள் ஆங்கிலத்தில் நாவல் இயற்றிய முன்னோடிகளில் அவர் ஒருவர். கலாசாலைச் சஞ்சிகையொன்றில் அரங்கேறிய அவரை நம் சஞ்சிகையில் நினைவுகூர்வது பொருத்தமே. ஆயினும் யாம் எழுதப் புகுந்தது அக்காரணம் பற்றியன்று.

சில ஆண்டுகட்கு முன், வெளியூரில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த எமது இளைய சகோதரி மூன்றாம் ஆண்டிலே படிப்பை விட்டுப் புதுவைக்குத் திரும்பினாள். வாதக் காய்ச்சல் இருதயத்தைத் தொட்டுவிட்டது. சம்பா கோயில் மணியோசை கேட்கும் எமது வீட்டு மாடியறையிலே பல மாதங்கள் படுத்திருந்தாள். காண வந்த உறவினர் யாவரும் எல்லாம் நன்மைக்கே என்றனர். அவள் முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொள்வாள். அவளுடைய வைத்திய நூல்களை ஒரு பெட்டியிற் கட்டிவைத்து, பழைய புத்தகக் கடைக்குக் கொடுத்துவிடலாமா என்று யாம் ஒருநாள் கேட்டோம். விடை வரவில்லை.

அந்நாட்களிலேதான் 'சகுணா' எம் கைக்கு வந்தது. நெடுங்காலம் எளிதிற் கிடையாதிருந்த அந்நூலையும், அவருடைய மற்றொரு நாவலாகிய 'கமலா'வையும், 1998ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தார் மீண்டும் வெளியிட்டனர். அவற்றைப் பதிப்பித்தவர் இலங்கையிற் பிறந்து ஆஸ்திரேலியாவிற் குடியேறிய நாவலாசிரியை சந்தனி லொக்குகே அம்மையார். நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு மராட்டிய மாதின் எழுத்தை மெல்போர்னில் வாழ்ந்த மற்றொரு கதாசிரியை தேடியெடுத்தது எமக்கு வியப்பளித்தது. சகோதரிக்குக் கண் சோர்ந்தமையால் மாலைதோறும் யாமே வாசித்துக் காட்டினோம்.

கிருபாபாய் 1862ஆம் ஆண்டில் அகமத்நகரிற் பிறந்தவர். பெற்றோர் பிராமண குலத்தினின்று கிறிஸ்தவரானவர். தந்தை இளமையிலேயே காலமாயினர். தமையனார் பாஸ்கர் அவருக்குப் புத்தகங்களிற் பற்றுண்டாக்கினார்; அத்தமையனாரும் நெடுநாள் இருந்திலர். இங்கிலாந்து சென்று வைத்தியம் பயில உதவிச் சம்பளம் கிடைக்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது. தேக நிலை இடங்கொடாதென்று தடுக்கப்படவே, 1878ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்தார். அக்கலாசாலை பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி அப்பொழுது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதிரியார் டபிள்யூ. டி. சத்தியநாதன் அவர்கள் இல்லத்தில் தங்கி ஓராண்டு ஊக்கத்துடன் பயின்றார். நன்கு தேறவுஞ் செய்தார். அவ்வளவே. உடல் முறிந்தது, படிப்பு நின்றது.

இவ்விடத்தில் யாம் வாசிப்பை நிறுத்தி, "பார்த்தாயா, அந்த நோய் வந்ததனாலன்றோ இந்த நூல் நமக்குக் கிடைத்தது!" என்றோம். தேறுதல் சொன்னதாகவே எமது எண்ணம்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அண்ணா, அவர்களுக்கு வைத்தியப் படிப்பும் வேண்டியிருந்ததே. கிடைத்ததைக் கொண்டு போனதை ஏன் மூடுகிறீர்கள்?" என்றாள்.

எமக்கு நாணமாயிற்று. அன்றிரவு அம்மையாரின் வரலாற்றை மறுபடியும் நிதானமாய்ப் பார்த்தோம். 1881ஆம் ஆண்டில் அவர் பாதிரியாரின் குமாரர் சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். உதகமண்டலத்தில் இஸ்லாமியச் சிறுமியர்க்குப் பாடசாலை தொடங்கினார். 'ஓர் இந்திய மாது' என்னும் புனைபெயரில் வியாசங்கள் எழுதினார். பின்பு கணவர் உத்தியோகம் பற்றி ராஜமகேந்திரமும் கும்பகோணமும் சென்று, 1886ஆம் ஆண்டில் சென்னை மீண்டார். 'சகுணா' வெளிவந்தது அதன் பின்னரே. ஆகவே நோய் நூலைக் கொடுத்ததென்பது எமது அவசரக் கணக்கு. படிப்பைக் கெடுத்த அவ்வுடல் நலிவு எழுத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறந்தது. 'கமலா'வை நோய்ப்படுக்கையிலேயே எழுதி முடித்தார். 1894ஆம் ஆண்டில், 32ஆம் வயதில் காலமானார். இரண்டே நாவல்கள்! இன்னும் இருபதாண்டு இருந்திருப்பின் எத்தனை எழுதியிருப்பாரோ!

'சகுணா'வின் கதாநாயகியும் வைத்தியம் பயிலச் சென்னை வருகிறாள். சுதேசக் கிறிஸ்தவரைத் தாழ்வாக நோக்கிய சில மிஷனெரி மாதர்களின் போக்கையும் ஆசிரியை அதில் ஒளியாது எழுதியிருக்கின்றார். அதனை ஒரு மிஷன் கலாசாலைச் சஞ்சிகையே அச்சிட்டது மெச்சத்தக்கது. 'கமலா' ஓர் இந்து விதவையின் கதை. அன்பன் ஒருவன் மணக்க வேண்டியும் அவள் இசைந்திலள். இம்முடிவு எமக்கு முழுதும் உடன்பாடன்று. மறுத்ததே சரியென்று சகோதரி வாதித்தாள். பல மாதங்களில் அவள் குரலை உயர்த்திப் பேசியது அன்றுதான். இரு நூல்களும் 1896ஆம் ஆண்டிலேயே தமிழிற் பெயர்க்கப்பட்டன. அத்தமிழ்ப் பிரதிகளை இன்று வாசிப்பாரைக் காண்டல் அரிது.

அம்மையார் மறைந்த பின்னர், அவர் நினைவாகச் சென்னை வைத்தியக் கலாசாலையிற் பயிலும் பெண்களுக்கு ஓர் உதவிச் சம்பளம் ஏற்படுத்தினர். இச்செய்தியை வாசித்தபொழுது சகோதரி எழுந்து உட்கார்ந்தாள். "கதை எழுதினவர் என்பதற்காக அதைப் புத்தகசாலையில் வைக்காமல், வைத்தியக் கலாசாலையில் வைத்தார்களே! அவர்களை அறிந்தவர்கள் செய்த காரியம் இது," என்றாள். பிறகு தன் புத்தகப் பெட்டி எங்கேயென்று வினவினாள்.

பரண்மேல் இருந்ததை இறக்கிக் கொடுத்தோம். கடைக்குக் கொடுப்பதைப்பற்றி மறுபடியும் யாம் கேட்கவில்லை. அவள் கலாசாலைக்குத் திரும்பவுமில்லை. பெட்டி மட்டும் இன்றும் அவளுடைய அறையிலே, சன்னலுக்கு அருகில் இருக்கின்றது.