சதுரங்கக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் 641

சதுரங்கப் பலகையில் ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று இரட்டித்துக்கொண்டே போய் ராஜாவின் களஞ்சியத்தைக் காலி செய்த கதை எல்லாருக்கும் தெரியும். 64 கட்டத்துக்கும் சேர்த்து 18446744073709551615 மணிகள். அம்மாடி, எவ்வளவு பெரிசு என்று வாய் பிளப்பதோடு விட்டுவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் ருசியே.

இது 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பள்ளியில் படித்த ‘இரு வர்க்கங்களின் வித்தியாசம்’ சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என ஆறு துண்டாகிவிடும். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று நம்பினார் ஃபெர்மா. (பெரிய மேதைதான், வகுத்துப் பார்க்கப் பொறுமையில்லை போல!)

1732-இல் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. இதற்குக் கணினியெல்லாம் வேண்டாம். அந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். ஆக 193, 257, 449, 577. நான்கிலும் மீதி வருகிறது. அடுத்தது 641, சுத்தமாக வகுபடுகிறது! பேனாவும் காகிதமும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

641 என்பது 625-உம் 16-உம். அதாவது 5, 2 இரண்டின் நான்காம் அடுக்குகள். இதை வைத்து வகுக்காமலே நிரூபிக்கலாம். யாராவது கேட்டால் தனிப்பதிவாகப் போடுகிறேன்.